மிளா இறைச்சிக்குச் சொல்லி வைக்கும் அண்ணன்மார்களுக்கு

குமரி மாவட்டத்து மலையோர ஊர்களில் கல்யாண விருந்துக்கும் பண்டிகைக்கும் “கொஞ்சம் மிளா (கடமான் இறைச்சி) கிடைக்குமா” என்று காதோடு காதாகச் சொல்லி வைக்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

துப்பாக்கி தூக்குகிறவனுக்கு எழுத வனத்துறை இருக்கிறது, வழக்கு எண்ணோடு எழுதும். உங்களுக்கு எழுதத்தான் ஆள் இல்லை.

தாத்தா காலத்திலிருந்தே வேட்டை உண்டு என்பீர்கள். உண்டுதான். ஆனால் திருவிதாங்கூர் காலத்துப் பழக்கம் 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முன்னால் நிற்காது. மான் வேட்டைக்கு அனுமதி உள்ள அமெரிக்காவில்கூட உரிமம் வேண்டும், பருவம் உண்டு, இத்தனைதான் என்ற கணக்கு உண்டு. பல மாநிலங்களில் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டாக வேண்டும், மனிதனை மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடக் கூடாதே! எதைச் சுடுகிறோம், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெளிவாகத் தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது என்பது அங்கே பயிற்சியின் அடிப்படைப் பாடம். அடிபட்டு ஓடியதைத் தேடிப் பிடிப்பதும் சுட்டவன் பொறுப்பு. ராத்திரி விளக்கடித்து மான் சுடுவது அங்கேயும் பெரும்பாலும் குற்றம்.

இங்கே நடப்பதோ அந்த விளக்கடிதான். வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னும், மிளா திகைத்து நிற்கும், உடனே வெடி. குட்டியோடு நிற்கும் பெட்டையா, யாரோ அவிழ்த்துவிட்ட பசுவா என்று பார்க்க நேரம் ஏது? கீரிப்பாறை, பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே பால்வெட்ட ஆள் இறங்கிவிடும். அவர்கள் நெற்றியிலும் ஹெட்லைட்தான். குறி தப்பிய ஒரு தோட்டா அந்த மர வரிசைகளுக்குள் எங்கே போய் நிற்கும் என்று சுட்டவனுக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

சத்தம் கேட்குமே என்று கம்பிக் கண்ணி வைக்கிறவர்களும் உண்டு. மிளாவுக்கு வைத்ததில் கேழை என்ற சிறு மானும் மாட்டும், சிறுத்தையும் மாட்டும். மாட்டியது எவ்வளவு நேரம் துடித்தது என்பது உங்கள் தட்டில் தெரியாது.

மிளா பன்றி மாதிரி பெருகுவதில்லை. சுமார் 8 மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும். நம் மலையில் புலியும் செந்நாயும் உண்டு, மிளா அவற்றின் முக்கிய இரை. 2023 இல் சிற்றாறு, பத்துகாணிப் பக்கம் புலி ஆடுமாடுகளை அடித்தபோது ஊர் பட்ட பாடு நினைவிருக்கும். அதுபோன்ற நாட்கள் பெருக வேண்டாமென்றால், காட்டுக்குள் புலிக்கு இரை இருக்கட்டும்.

“பன்றிக்குப் போன இடத்தில் கிடைத்தது” என்ற கதையும் ஓடுகிறது. வாழையையும் மரச்சீனியையும் (மரவள்ளி) பன்றி அழிப்பது உண்மை, விவசாயியின் கோபமும் நியாயம். ஆனால் பன்றியைக்கூட வனத்துறை ஆட்கள் மட்டுமே, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம் என்றுதான் 2025 இல் அரசு சொன்னது. அதில் மிளாவுக்கு இடமே இல்லை.

சட்டமும் சொல்கிறேன். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். காட்டு விலங்கின் இறைச்சி அரசின் சொத்து, கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். (குழம்பு கொதிக்கும்போது யாராவது தெரிவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.) பிடிபட்டால் கோர்ட்டுக்கு அலைவது சுமந்து வந்த பையன். தோட்டாவுக்கும் கம்பிக்கும் காசு கொடுத்த உங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது. அந்தத் தைரியத்தில்தானே சொல்லி வைக்கிறீர்கள்?

இனி யாராவது மிளா இறைச்சியைத்தான் “சாதனம் வந்திருக்கு” என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கேட்டால், அதைக் கழிக்க அவன் இன்னொரு ராத்திரி மலையேறுவான்.

அன்புடன்,
மலையோரத்து ஊர்க்காரன் ஒருவன்