அம்மா வேடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நாற்பது ஆகப்போகிறது, இனிமேல் அம்மா வேடத்துக்குத்தான் கூப்பிடுவார்கள், நாடகத்தை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றாய். அதற்குப் போனில் நாலு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனசில்லை. கல்லூரியில் பாடம் நடத்திய காலத்திலிருந்தே நான் விரும்பிப் பார்த்துவரும் ஒரு நடிகையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஜெரால்டின் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1913இல் அயர்லாந்தில் பிறந்து, பிற்பாடு அமெரிக்கக் குடிமகளாகி, நியூயார்க்கிலேயே வாழ்ந்து முடித்தவர்.

டப்ளின் கேட் தியேட்டரில் 1932இல் மேடை ஏறினார். அதற்கு முந்தைய வருஷம், பதினாறே வயதான ஆர்சன் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பையனும் அங்கேதான் நடிக்க வந்து சேர்ந்திருந்தான். 1938இல் அந்த வெல்ஸ் நியூயார்க்கில் பெர்னார்ட் ஷாவின் நாடகத்தைப் போட்டபோது ஜெரால்டினுக்கு நல்ல வேடம் கொடுத்தார். அதைப் பார்த்து ஹாலிவுட் கூப்பிட்டது. 1939இல் அடுத்தடுத்து இரண்டு படங்கள் வந்தன, இரண்டுமே பேர் வாங்கின.

முதல் படம் 'வுதரிங் ஹைட்ஸ்'. கதாநாயகன் ஹீத்கிளிஃப் வேறொருத்தியையே நினைத்துக்கொண்டு இசபெல்லாவைக் கட்டிக்கொள்கிறான். இசபெல்லாதான் ஜெரால்டின். ஆரம்பக் காட்சிகளில் பட்டும் சிரிப்புமாக வந்த பெண், பின்பாதியில் தலையைக்கூட வாராமல் அந்த இருண்ட வீட்டில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உன் கூந்தலில் ஏன் ஹெதர் பூ மணம் இல்லை என்று அவன் கேட்கிறான். ஹெதர் என்பது அந்தப் பொட்டல் காட்டில் பூக்கும் பூ, இன்னொருத்தியின் நினைவு. அதைக் கேட்கும் மனைவியின் கண்களைப் பார். இந்த வேடத்துக்காகத்தான் துணை நடிகை ஆஸ்கருக்கு அவர் பெயர் போனது. விருது கிடைத்தது ஹாட்டி மெக்டேனியலுக்கு. ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அந்த இரவில் அவரைத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டாவது படம் 'டார்க் விக்டரி'. பெட்டி டேவிஸ்தான் கதாநாயகி. கதாநாயகியின் தோழியாக வரும் ஆன் வேடம்தான் ஜெரால்டினுக்கு. மூல நாடகத்திலேயே இல்லாத பாத்திரம் அது, படத்துக்காகச் சேர்த்தது. நாயகிக்குத் தீராத நோய். கடைசியில் தோழிகள் இருவரும் தோட்டத்தில் செடி நடுகிறார்கள். மேகம் மூடிவிட்டதே என்கிறாள் நாயகி. ஆனால் கையில் வெயில் சுடுகிறது. பார்வை போகிறது என்றால் சாவுக்குச் சில மணி நேரம்தான் என்று இருவருக்கும் தெரியும். பேசுவதெல்லாம் பெட்டி டேவிஸ். என் கண்ணோ ஜெரால்டின் பக்கமே போகிறது. அடுத்தவர் பேசுவதைக் கேட்பதும் நடிப்புதான் என்று நீ சொல்வாயே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

இப்படித் தொடங்கியவர் பெரிய நட்சத்திரமாகி இருக்க வேண்டும், ஆகவில்லை. வார்னர் கம்பெனி கொடுத்த பல வேடங்களை வேண்டாம் என்றார், அவர்கள் அவரை இடைநீக்கம் செய்து உட்கார வைத்தார்கள். அந்தக் கால ஸ்டூடியோ ஒப்பந்தம் லேசுப்பட்டதில்லை. வேடத்தை மறுத்தால் சம்பளம் நிற்கும், சும்மா இருந்த நாட்களையும் ஏழு வருஷ ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். அந்தக் கொடுமையை உடைத்தது ஒலிவியா டி ஹாவிலண்ட் போட்ட வழக்கு. ஏழு வருஷம் என்றால் நாட்காட்டியில் ஏழு வருஷம்தான் என்று 1944இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. முன்பு சொன்னேனே, அந்த ஆஸ்கர் பட்டியலில் ஜெரால்டினோடு சேர்ந்து தோற்றவர்தான் இந்த ஒலிவியா. ஆனால் அதற்குள் ஜெரால்டினின் நல்ல வருஷங்கள் பல போய்விட்டன.

நல்ல வருஷங்கள் என்று மற்றவர்கள் சொல்வதைத்தான் நானும் எழுதிவிட்டேன். என்னைக் கேட்டால், அவருடைய சிறந்த காலமே ஐம்பதுக்குப் பிறகுதான்.

1964இல் 'தி பான்புரோக்கர்' வந்தது. வதை முகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்த அடகுக்கடைக்காரரிடம் ஒரு பெண் தன் தனிமையைச் சொல்கிறாள். ஜெரால்டின் அதைக் கண்ணீர் விடாமல், காய்கறி விலை சொல்வதுபோல் சொல்கிறார். அறுபதுகளின் கடைசியில் பிரான்சிஸ்கன் என்ற கிறிஸ்தவச் சபையின் துறவி ஒருவரோடு சேர்ந்து புரூக்ளின் தெருக்களில் நாடகம் போட்டார். அந்தப் பேட்டைப் பிள்ளைகளே நடிகர்கள். 1971இல், ஐம்பத்தேழு வயதில், யூஜின் ஓ'நீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்'டில் மேரி டைரோன். ஐரிஷ் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் ஒரு பகலும் இரவும்தான் கதை. மேரி, மார்ஃபினுக்கு அடிமையான தாய். ஓ'நீல் தன் அம்மாவையே எழுதி வைத்த பாத்திரம். பாப்பா, அதுவும் அம்மா வேடம்தான்!

அதோடு விடவில்லை. 1981இல் அதே நாடகத்தைக் கறுப்பின நடிகர்களை மட்டும் வைத்து அவரே இயக்கினார். குளோரியா ஃபாஸ்டர் மேரியாக நடித்தார். அதே வருஷம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் 'மாஸ் அப்பீல்' நாடகத்தை இயக்கி, 1982இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனிக்குப் பரிந்துரையானார். இயக்குநர் பட்டியலில் பெண் பெயரே அபூர்வமாக இருந்த காலம் அது. நாடக இயக்கத்துக்கான அந்த விருதை ஒரு பெண் வாங்க 1998 ஆனது. வாங்கிய கேரி ஹைன்ஸும் அயர்லாந்துக்காரர்தான்.

அப்புறம் பாட்டு. இளமையெல்லாம் போன பிறகு பாட்டு வாத்தியாரிடம் போய், கரகரத்த அந்தக் குரலை வைத்துக்கொண்டே தெருப்பாடல்களால் ஒரு முழு நிகழ்ச்சி நடத்தினார். டட்லி மூருக்குப் பாட்டியாக அவர் வந்த 'ஆர்தர்' படத்தை நீ சிரித்துச் சிரித்துப் பார்த்திருக்கிறாய். நிஜத்தில் அந்தப் பேரனைவிட இருபத்தோரு வயதுதான் மூத்தவர். வேடத்தின் வயதைப் பார்த்து அவர் பின்வாங்கவில்லை.

1974இல் வந்த 'ஹாரி அண்ட் டான்டோ'வை எனக்காக ஒரு முறை பார். முதியோர் இல்லத்தில் நினைவு தப்பிய பழைய நடனக்காரியாக வருகிறார். தேடி வந்த பழைய காதலனை அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் அவனோடு ஆடுகிறாள். பல வருஷம் கழித்து ஜெரால்டினுக்கே அல்சைமர் என்ற மறதி நோய் வந்தது. 2005இல், தொண்ணூற்றொரு வயதில் இறந்தார். அது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை.

சரி, இப்போது உன் விஷயம். உனக்கு வந்திருக்கும் நாடகப் பிரதியை எனக்கு அனுப்பு. அம்மா பாத்திரத்துக்கு எத்தனை வசனம் என்று எண்ண வேண்டாம். மகன் பேசும்போது அவள் என்ன செய்கிறாள் என்று எழுதியிருக்கிறார்களா, அதை மட்டும் பார். எழுதவில்லை என்றால் இயக்குநரிடம் கேள், அவருக்கும் தெரியவில்லை என்றால் நீயே கண்டுபிடி. பிடிக்காத வேடமென்றால் தாராளமாக வேண்டாம் என்று சொல், உன்னைக் கட்டிப்போட எந்த ஒப்பந்தமும் இல்லை. வயதைக் காரணம் காட்டி மட்டும் விடாதே.

ஒத்திகை தொடங்கினால் தேதியைச் சொல். அப்பாவுக்குக் கீழ் பெர்த் வேண்டும், முன்னாடியே டிக்கெட் போட்டால்தான் கிடைக்கும்.

அன்புடன்,
அம்மா