பணம் கட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பா,

நீ வாங்கப்போகும் 12 அங்குல சப்வூஃபர், அதாவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி, அதன் படத்தைப் பார்த்ததும் அம்மா கேட்டது, "கீழ் வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டாளா?" என்றுதான். நான் தடுக்க வரவில்லை. 30 வருடம் மைக் செட் வாடகைக்கு விட்டவன் பேஸ் வேண்டாம் என்றால் ஊரே சிரிக்கும்.

ஆனால் முதன்முதலில் நம் ஹாலில் சப் வைத்தபோது நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பிளக் பாயிண்ட் மூலையில் இருந்ததால் பெட்டியும் மூலைக்குப் போனது. நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பேஸ் கிட்டாரில் மற்ற தந்திகள் கேட்கின்றன, தடித்த தந்தி வரும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. வால்யூமைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். அடுப்படியில் எவர்சில்வர் டம்ளரெல்லாம் ஆடுகிறதாம்!

பந்தலில் இந்தத் தொல்லை கிடையாது, அங்கே சுவர் ஏது? நம் ஹாலின் நீளம் 14 அடி. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 28 அடி. அதில் பாதி, சுவருக்குச் சுவர் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். சுவரோரம் இடி, நடுவில் ஒன்றுமில்லை. அந்தத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அறையிலேயே மோசமான இடமாகப் பார்த்து நாற்காலி போட்டிருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், பெரியதாக ஒன்று வேண்டாம், அதே காசுக்குச் சிறியதாக இரண்டு வாங்கு. முன் சுவரின் நடுவில் ஒன்று, எதிர்ச் சுவரின் நடுவில் ஒன்று. ஊஞ்சலை இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் தள்ளினால் ஆடுமா? அந்தப் பாதி அலையும் அப்படித்தான், எழும்பாது. ஒலிக் கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். நான்குக்கு மேல் வைத்துப் பெரிய பயனில்லை என்பதும் அதில் உண்டு. உனக்கு இரண்டே தாராளம்.

இப்போதைக்கு ஒன்றுதான் முடியும் என்றால், அதை உன் நாற்காலியில் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போ. எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வை. மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும்.

கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் திருகை, 80 ஹெர்ட்ஸில் ஆரம்பி. அதற்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரும்பாலும் பிடிபடாது. ரொம்ப மேலே ஏற்றினால் ஆண் குரலும் சப் பெட்டியிலிருந்து வர ஆரம்பித்துவிடும். ஆம்பிளிஃபயரில் சப்புக்குத் தனி அவுட் இல்லையென்றால் கடைக்காரர் புது ஆம்ப் விற்கப் பார்ப்பார், ஏமாறாதே. ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் சப்கள் உண்டு. 'ம்ம்ம்' என்று இரைந்தால் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடு. எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதே.

சப்பும் மற்ற ஸ்பீக்கர்களும் ஒன்றையொன்று எதிர்க்காமல் சேர்ந்து தள்ளுவதற்காகச் சப்பில் ஃபேஸ் சுவிட்ச் இருக்கும். அதை மாப்பிள்ளை மாற்றி மாற்றிப் போடட்டும், எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடு. அப்புறம் வால்யூம். சப் ஓடுவதே தெரியக் கூடாது, அணைத்தால்தான் தெரிய வேண்டும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அடியில் ரப்பர் வைத்தால் பெட்டியின் அதிர்வு தரைக்கு இறங்குவது கொஞ்சம் குறையும். காற்றில் போகும் பேஸை அது தடுக்காது. இரவு பத்து மணிக்கு மேல் அணைத்துவிடு.

ஹாலின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து அனுப்பு. அதுவரை பணம் கட்டாதே.

அன்புடன்,
அப்பா