அடுத்த கூடுகையைக் கடைமடையில் நடத்துங்கள்

பொறியியலைச் சமூக நோக்கில் ஆராயும் அறிஞர்களுக்கு,

வணக்கம். உங்கள் துறை 2004-இல் பாரிசில் ஒரு பன்னாட்டு வலையமைப்பாகத் திரண்டது. 2009 முதல் அதற்கென ஓர் ஆய்விதழும் வருகிறது. ஒரு பொறியாளரின் முடிவு யார் வீட்டு உலையைத் தொடுகிறது என்று கேட்பவர்களுக்குக் காவிரிப் படுகையில் நிறைய வேலை இருக்கிறது. இங்கே ஒரு கூடுகை நடத்துங்கள். தஞ்சாவூரில் அரங்கு எடுத்து, ஒரு மாலை கல்லணையைச் சுற்றிப் பார்ப்பதோடு மட்டும் முடித்துவிடாதீர்கள்; வாய்க்கால் முடியும் கடைமடைக்கு வாருங்கள்.

மணலில் கல் இறக்கி அடித்தளம் போட்ட முறையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையில் கற்றார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். பிறகு நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1836-இல் அவர் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கினார். அது வந்தபின் காவிரிக்குள் நீர் கூடி, ஆற்றின் தரை அரித்தது. காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டி வந்தது.

எங்கள் அன்றாடச் சிக்கல் சின்ன மதகுகளில்தான். விநாடிக்கு ஒரு கன அடி நீர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய ஓர் அங்குலம் நிற்கும். 5 கன அடி போகும் மதகை லஸ்கர் (மதகைத் திறந்து அடைக்கும் பணியாளர்) ஒரு மணி நேரம் பிந்தி அடைத்தால், 5 ஏக்கருக்கு ஓர் அங்குலம் மேலே நின்றுவிடும், கீழே இருப்பவருக்கு அது குறையும். எந்த வரைபடத்திலும் இல்லாத இந்தக் கணிப்பும் பொறியியல்தானே?

தூர்வாரலைப் பாருங்கள். வண்டி போக வழி இருப்பதால் பொக்லைன் நீர் நுழையும் தலைப்பிலேயே இறங்குகிறது. கிளை வாய்க்கால் மதகின் தரைமட்டத்துக்குக் கீழே ஆற்றை வெட்டிவிட்டால், முறைவைத்து நீர் விடும் நாட்களில் வரும் குறைந்த நீர் மதகில் ஏறாது, நேரே ஓடிவிடும். அள்ளிய மண்ணின் கன மீட்டர் கணக்கு சரியாக இருக்கும், வயல் காயும். மண்ணைக் கரையின் உட்சரிவில் கொட்டினால் ஐப்பசி மழை அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். கடைமடையிலிருந்து மேல்நோக்கி, மதகின் தரைமட்டம் பார்த்து வெட்டுவதே முறை. ஏ, பி எனப்படும் பெரிய வாய்க்கால் ஒரு துறையிடமும் சி, டி எனப்படும் சிறிய வாய்க்கால் இன்னொரு துறையிடமும் இருப்பதால் இரண்டு வெட்டும் ஒரே மட்டத்தில் சேர்வதில்லை. இதைச் சமூக ஆய்வு கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

கடலோர நீரொழுங்கியில் (ஷட்டர் வைத்து நீரைத் தடுத்து விடும் அமைப்பில்) கதை தலைகீழ். மழைக்காலத்தில் வயல் நீரை வெளியேற்ற வேண்டும். ஆனால் கடல் ஏற்றத்தில் ஷட்டர் திறந்திருந்தால் உப்புநீர் உள்ளே ஏறிவிடும். வற்றத்தில் திறந்து, ஏற்றத்துக்குள் அடைக்க வேண்டும். அதுவும் இரவு பகல் பாராமல்.

ஆகவே கூடுகையை இரு அமர்வுகளாக வையுங்கள்: ஆடியில் முறைப்பாசன நேரத்தில் ஒன்று, ஐப்பசி-கார்த்திகையில் வடிகால் நேரத்தில் ஒன்று. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும், எல்லா ஆண்டும் அல்ல. நீர் இருப்பைப் பார்த்தபின் தேதி குறியுங்கள். லஸ்கர்களையும் நடவுப் பெண்களையும் பார்வையாளராக அல்லாமல் பேச்சாளராக அழையுங்கள். அன்றைய கூலியைக் கொடுங்கள். பேச்சு தமிழில் இருக்கட்டும், மொழிபெயர்ப்பு உங்களுக்கு. கட்டுரை அச்சேறுமுன் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். மட்டமோ நேரமோ பிழையானால் அங்கேயே திருத்திவிடுவார்கள். தங்கவும் சாப்பிடவும் ஏற்பாடு எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
காவிரிப் படுகையின் பாசனப் பொறியாளர்களும் உழவர்களும்