காளான், காட்டுப்பூ கவனிப்பு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரும் சனிக்கிழமை காட்டுப்பகுதியில் காளான்களையும் பூக்களையும் பார்த்துக் குறிப்பெடுக்கப் போகிறார்கள். பறித்துவருவது நோக்கமல்ல.

காளானை மேலிருந்து மட்டும் படமெடுத்தால் இனம் காண முடியாது. தொப்பியின் அடியில் இருப்பது செவுளா (மெல்லிய தகடுபோன்ற மடிப்புகள்), துளைகளா, தண்டில் வளையம் உண்டா, அடியில் கிண்ணம்போன்ற உறை உண்டா என்று பார்க்க வேண்டும். இந்த உறை பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் அது மண்ணிலேயே தங்கிவிடும். கொடிய நஞ்சுள்ள அமானிட்டா வகைகளைக் காட்டிக்கொடுக்கும் முக்கிய அடையாளமே போய்விடும். ஆகவே சுற்றியுள்ள மண்ணைக் குச்சியால் மெல்ல விலக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடச் சொல்லியிருக்கிறோம். பக்கத்தில் நிற்கும் மரத்தின் பெயரையும் எழுத வேண்டும். பல காளான்கள் குறிப்பிட்ட மரங்களின் வேரோடு சேர்ந்தே வாழ்பவை.

பூவைக் கிள்ளாமலே இதழ்களையும் மகரந்தத்தாள்களையும் எண்ணலாம். இலை எதிரெதிரே இருக்கிறதா, மாறிமாறி இருக்கிறதா என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். பூவின் நிறத்தைவிட நம்பத்தக்க அடையாளம் அது. 10 மடங்கு லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, முகத்தைப் பூவுக்கு அருகே, சுமார் 2.5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கையை நீட்டி லென்ஸைப் பிடித்தால் ஒன்றும் தெளிவாகத் தெரியாது.

வித்துப் பதிவுக்காக (காளானின் நுண்ணிய வித்துத்தூளைத் தாளில் படியவைத்து நிறம் பார்ப்பதற்காக) ஆசிரியர் மட்டும் ஓரிரு தொப்பிகளைக் காகிதப் பையில் கொண்டுவருவார். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும். பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் செவுள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, தம்ளரால் மூடி, ஓர் இரவு விட்டால் வித்துத்தூள் படியும். வெள்ளை வித்து வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்காகவே கறுப்பு. காய்ந்துபோன தொப்பியில் பதிவு கிடைக்காது.

காட்டுக் காளான் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பூச்சி அரித்தது நல்லது, வெள்ளிக் காசைக் கறுக்கவைப்பதுதான் கெட்டது என்ற பேச்செல்லாம் தவறு. கொடிய அமானிட்டாக்களின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வாந்தி பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். பிறகு நின்று, குணமானதுபோல் தோன்றும்போதே ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். பிள்ளை தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல், மிச்சத் துண்டுடன் மருத்துவமனைக்குப் போங்கள்.

முழுக்கால் உடை, மூடிய காலணி, பென்சில் (பேனா மை ஈரத்தில் கரையும்), சோப்பு கொடுத்தனுப்புங்கள். சாப்பிடும் முன் கை கழுவ வைப்போம். ஒவ்வாமை ஏதும் இருந்தால் ஒப்புதல் சீட்டில் எழுதி, வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்