கூரையைத் திரும்ப மூடியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஸ்தோத்திரம், வணக்கம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த மடல் போய்ச் சேர வேண்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆலயத்துக்குள் கால் வைத்ததே இல்லை.

ஆகஸ்ட் மாதம் சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து 14 பேரைச் சேலத்துக்குக் கூட்டி வந்து, கண்புரை ஆபரேஷன் முடித்து, திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விட்டோம். ஒத்தாசை செய்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டு வார்த்தை நன்றி சொல்லுங்கள் என்றார் ஆயர் ஐயா. 30 வருஷம் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திய தொண்டைதான். ஆனாலும் மைக்கைக் கண்டால் அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டபடி ஒரு பெயரும் போடவில்லை.

எங்கள் சபைகளில் அழைப்பு, அதாவது ஊழியம் செய்யக் கடவுள் கூப்பிடுவது, என்று பேச்சு வந்தாலே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவின் கதை வந்துவிடும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி, இளம் பெண்ணாக இருந்த ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பாதான் டாக்டர். ஆண் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று மூன்று பேருமே திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அமெரிக்காவுக்குப் போய் டாக்டராகித் திரும்பிய ஐடா அம்மா, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சிலிர்த்த உடம்போடு வீட்டுக்குப் போய், கறிக்குழம்பு சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். டாக்டருக்குப் படிக்கிற வயதா எனக்கு?

என் கதவை யாரும் தட்டவில்லை. நாகலூர் பக்கத்துப் பாட்டி ஒருவர் என் பஸ்ஸில் அடிக்கடி வருவார். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பாட்டி பலகையைப் பார்ப்பதில்லை, பஸ் சாய்வதை வைத்தே எண்ணுவார். ஏற்காடு தாண்டிய பிறகு எண்ண ஒன்றும் இருக்காது. "கண்ணு, எங்க ஊரு வந்துருச்சா?" என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் கேட்பார். ஆயுசு முழுக்கப் போய்வந்த பாதை அது. ஒருநாள் நான் சில்லறைத் தகராறில் இருந்தபோது அவர் கேட்டது காதில் விழவில்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டி, அரை மைல் மழையில் திரும்பி நடந்தார். அது ரிட்டயர் ஆன பிறகும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் அதை அழைப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆயர் ஐயாதான் சொன்னார். சரி, அவருக்குத் தெரியும்.

முதலில் வேன் ஓட்டிய தம்பிக்கு நன்றி. டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். சபரிமலைக்கு மாலை போடுகிறவர், நாங்கள் கிளம்பும் முன் ஜெபம் செய்தபோது எங்களுக்கு முந்தியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சரியாக இருந்தால்தான் ஆபரேஷன் என்பதால், முந்தின வாரமே மலையேறி வந்து பார்த்துக் கொடுத்த நர்ஸம்மாவுக்கு நன்றி. பிடி அரிசி போட்ட எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்து அம்மாக்களை என்ன சொல்ல! உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து டின்னில் போடுவது எங்கள் பாட்டிமார் காலத்துப் பழக்கம். அந்த அரிசியில்தான் 14 பேருக்கும் துணைக்கு வந்தவர்களுக்கும் ரசம் சாதம் வெந்தது.

இதுவரைக்கும் எல்லாம் போட்டோவில் இருக்கிறது, பேனர் கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு வரிசையாக உட்காரவைத்து எடுத்தது. போட்டோவில் வராதவர்களுக்காகத்தான் இந்த மடலே.

கப்பர்நகூம் ஊரில் திமிர்வாதக்காரனை, அதாவது கை கால் விளங்காத ஒருவனை, நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கியதாக பைபிளில் மாற்கு எழுதியிருக்கிறார். அந்த நான்கு பேரைப் பற்றிக் கேட்காத பிரசங்கம் இல்லை. பிரித்த கூரையை யார் மூடினார்கள் என்பதைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. மாற்கும் எழுதவில்லை. வீட்டுக்காரர் தலையில்தான் விழுந்திருக்கும்.

நாங்களும் அப்படித்தான் பிரித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம். கண்புரை ஆபரேஷன் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. சொட்டு மருந்து ஆறு வாரம். முதல் வாரம் நாளைக்கு ஆறு வேளை, அப்புறம் வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு பாட்டில், ஒன்றைக் குலுக்கித்தான் விட வேண்டும். ஒன்று விட்டு ஐந்து நிமிஷம் கழித்தே மற்றது. அடுப்புப் புகை ஆகாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கு, அதிலும் கண் கட்டிய நிலையில், தாள்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்காம் நாள் மனசு கேட்காமல் மேலே போனேன். நம் பஸ் பாட்டி மருந்துப் பாட்டிலை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். "தீர்ந்துபோயிருமே கண்ணு, நல்ல மருந்துன்னு பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். கண் சிவந்திருந்தது. அன்றைக்கே கீழே கூட்டிப்போனோம். இரண்டு நாள் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு ஒன்றுமில்லை. எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் பிளஸ் டூ படிக்கிற பெண்ணே, நீ கேட்காமலே ஏற்றுக்கொண்டாய். பள்ளிக்கூடம் போகுமுன் ஐந்து பாட்டிகள், வந்த பிறகு அதே ஐந்து பாட்டிகள். குலுக்க வேண்டிய பாட்டில் கழுத்தில் நூலைச் சுற்றி, தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி செய்தது உன் யோசனை. எனக்கு அது தோன்றவே இல்லை. பகல் வேளைக்கு டீக்கடை அண்ணன். கடைப் பெஞ்சில் படுக்கவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வடைச் சட்டியை அணைத்துவிட்டுத்தான் மருந்து விட்டார். புகை வரும் என்று ஆறு வாரமும் அந்தப் பாட்டிகளுக்குத் தன் வீட்டு கேஸ் அடுப்பில் சேர்த்துச் சமைத்துக் கொடுத்த அங்கன்வாடி அக்காவுக்கு, சிலிண்டர் காசையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன். "அட போங்க" என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள்.

நீங்கள் யாரும் இதை ஊழியம் என்று சொல்லவில்லை. டீக்கடை அண்ணனிடம் அந்த வார்த்தையைச் சொன்னபோது, "அதெல்லாம் உங்க சர்ச்சு வேலைங்க, நான் சும்மா மருந்து விட்டேன்" என்றார். எங்கள் சபையில் ஊழியத்துக்கு அழைப்பு வரவில்லையே என்று காத்திருக்கும் ஆட்களை, நானும்தான், ஒரு வாரம் அந்தப் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும்.

இப்போது காபிப் பழம் எடுப்பு நடக்கிறது. புரை விழுந்த கண்ணுக்கு நிறம் மங்கித்தான் தெரியும். போன வருஷம் பச்சைக் காயையும் சேர்த்துப் பறித்து, பாட்டி மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாராம். போன வாரம் நான் போனபோது கூடையைச் சாய்த்துக் காட்டினார், எல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்து, "இம்புட்டு நரைச்சவனா நீ?" என்றார். அடுத்த கண்ணுக்குப் பிப்ரவரி கடைசியில், எடுப்பு முடிந்ததும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பிடி அரிசி டின்களைத் திருப்பிக் கொடுத்ததில் ஒன்று மாறிவிட்டது. பச்சை மூடி போட்ட பழைய பிஸ்கட் டின் எங்கள் வீட்டில் இருக்கிறது. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும். எங்கள் வீட்டம்மாவின் ஹார்லிக்ஸ் டின் யாரிடமாவது இருந்தால் கொண்டுவரவும், தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கண்டக்டர்,
சேலம்