ஓரக்குறிப்புக்கு மதிப்பெண் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாடத்தை வாசிப்பதே இல்லை என்று சென்ற வாரம் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். மேலூர்ப் பக்கம் தமிழ் நடத்தும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசிக்கிறார்கள், புரியவில்லை என்று எழுந்து நின்று சொல்லத்தான் கூச்சம்.

இந்த ஆண்டு, பழைய மதுரையைப் பாடும் சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியின் 782 அடிகளில் கொஞ்சத்தை, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் பிராஜெக்ட் மதுரை தளத்திலிருந்து எடுத்து, கூகுள் டாக்ஸில் போட்டுக் கொடுத்தேன். (பேர்தான் மதுரை, 1998 முதல் அதற்கு உழைப்பவர்கள் உலகமெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள்.) கணினி அறையில் இருவருக்கு ஒரு கணினி. புரியாத சொல்லைத் தொட்டு ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும். மொத்த வகுப்பும் அதைப் பார்க்கும். முதல் நாள் கேள்வி மட்டும், பதில் மறுநாள், கடைசியில்தான் நான்.

முதல் நாளே கூத்தாகிவிட்டது. ‘கருத்து மட்டும் இடலாம்’ என்று மாற்றி வைக்காதது என் தப்பு. எவனோ கை தவறி அழுத்த, பாட்டே காணாமல் போனது. பழைய பதிப்பைத் தேடி மீட்பதற்குள் மணி அடித்துவிட்டது. தமிழில் தட்டச்சு செய்யவும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஆங்கில எழுத்திலேயே அடித்தார்கள். சரி, கேள்வி வந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், ‘அல்லங்காடி’க்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: “அல் என்றால் அல்லாதது தானே? அப்போ அங்காடி இல்லாத இடமா?” நல்ல கேள்வி. ‘அல்’லுக்கு அந்தப் பொருளும் உண்டு. மறுநாள் கீழே ஒரு பையன்: “அல் என்றால் ராத்திரி. எங்கப்பா மாட்டுத்தாவணியில் ராத்திரி ரெண்டு மணிக்குக் காய்கறி மூட்டை இறக்குவார், அதுதான் அல்லங்காடி.” அதற்கும் கீழே இன்னொருத்தி: “அப்போ நாளங்காடி பகல் கடை.” நான் விளக்க வேண்டியது மிச்சம் எதுவும் இல்லை.

இது நமக்குப் புதிதும் அல்ல. இதே பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் மதுரைக்காரர். பழைய உரைகளில் ‘என்பாரும் உளர்’ என்று வருமே, அடுத்தவர் சொன்ன பொருளையும் சேர்த்துக் குறித்துவைக்கும் அந்தப் பழக்கம்தான் இப்போது கணினித் திரைக்கு வந்திருக்கிறது.

இதெல்லாம் சொல்வது ஒரு காரணத்துக்காக. விஷயம் மேலே தெரிந்ததும், ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை குறிப்பு எழுதினது என்று பட்டியல் கேட்டார்கள். அதற்கு மதிப்பெண்ணும் போடச் சொன்னார்கள். போட்டேன். அடுத்த பாட்டின் ஓரம் முழுக்க ‘அருமை’, ‘சூப்பர்’, ‘நல்ல வரி’. ஒருவன் உரைநூலைப் பார்த்து அப்படியே பதினொரு குறிப்பு இறக்கியிருந்தான். அந்தப் பெண் எழுதியது இரண்டே இரண்டு, இரண்டும் ‘அருமை’. புரியவில்லை என்று எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்று பயந்திருக்கிறாள்.

அடுத்த மாதம் மறுபடியும் தொடங்கப் போகிறேன். பட்டியலில் மதிப்பெண் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அனுப்புவதாக இருக்கிறேன்.

— ஒரு தமிழாசிரியை,
மேலூர், மதுரை மாவட்டம்.