மிதிவண்டி மன்றம் தொடங்குகிறோம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக நம் பள்ளியில் மிதிவண்டி மன்றம் தொடங்குகிறோம். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் தன் உதவியாளரோடு பள்ளிக்கே வந்து வண்டிகளைப் பார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். செய்தி தெரிந்ததும் உங்களில் பலர் கேட்ட முதல் கேள்வி, "புது சைக்கிள் வாங்கணுமா?" என்பதுதான். வேண்டாம். வீட்டில் மூலையில் சாத்தி வைத்திருக்கும் சைக்கிள் போதும். காற்று இறங்கி, செயின் துருப்பிடித்துக் கிடந்தாலும் அதையே அனுப்புங்கள். அதை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருவதுதான் மன்றத்தின் முதல் பாடம்.

வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்களும் முதல் பரிசோதனை நாள் முடியும்வரை பொறுத்திருங்கள். வளர்கிற பிள்ளை என்று சட்டையை ஒரு அளவு பெரிதாக எடுப்போம். சைக்கிளில் அந்தக் கணக்கு ஆபத்து. வண்டி பெரிதானால் நிறுத்தும்போது கால் தரையை எட்டாது. பிரேக் பிடியை விரல் முழுதாகச் சுற்றிப் பிடிக்காது. பிள்ளை சீட்டிலிருந்து முன்னால் இறங்கி இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்போது, குறுக்குக் கம்பிக்கு மேல் குறைந்தது 3 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தோராயமாக, 115 முதல் 135 சென்டிமீட்டர் உயரத்துக்கு 20 இஞ்ச் சக்கரம், 130 முதல் 150 வரை 24 இஞ்ச், அதற்கு மேல் 26 இஞ்ச். இரண்டுக்கும் பொதுவான உயரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஏறி நின்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஃபிரேமின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சீட் உயரத்தை நீங்களே வீட்டில் பார்க்கலாம். பிள்ளை சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால்தான் மிதிப்போம் என்பதால் அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். பெரும்பாலான பிள்ளைகளின் சீட் இதைவிடத் தாழ்வாகத்தான் இருக்கிறது. அப்படி ஓட்டினால் சீக்கிரம் களைப்பு வரும், முழங்கால் வலிக்கும். பிள்ளையோ "எனக்கு சைக்கிளே பிடிக்கலை" என்று சொல்லிவிடும். இன்னொன்று: சீட் தண்டில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் தண்டு உள்ளே போதிய ஆழத்தில் இல்லை என்று பொருள். ஓடும்போது தண்டு வளையலாம், ஃபிரேமில் விரிசல் விழலாம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பிள்ளை வண்டியைவிட வளர்ந்துவிட்டது. பருவத்துக்கு ஒரு முறை இதைப் பார்ப்போம்.

இடம் 24 பேருக்கு மட்டுமே. ஒரு சைக்கிளை முறையாகப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். இரண்டு பேர் பார்த்தால் 24 வண்டிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்கு மேல் கூட்டினால் கடைசி வண்டிகளை மேலோட்டமாகப் பார்க்க வேண்டிவரும். பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் பார்க்காமல் விட்ட வண்டியைவிடப் பார்க்காத வண்டியே மேல். 24 இடங்களில் 12 பெண் பிள்ளைகளுக்கு. சைக்கிள் இல்லாத பிள்ளைகளும் பெயர் கொடுக்கலாம். அளவு சின்னதாகிவிட்டது என்று வீட்டில் கிடக்கும் வண்டிகளைப் பள்ளிக்குத் தந்தால், சரிபார்த்து அவர்களிடம் கொடுப்போம்.

பரிசோதனையில் முதலில் பார்ப்பது பிரேக். பிடியை முழு பலத்தோடு அழுத்தினாலும் அதற்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பிரேக் கட்டையில் வெட்டுக்கோடுகள் இருக்கும். அவை தேய்ந்து மழுங்கியிருந்தால் கட்டையை மாற்ற வேண்டும். கட்டை ரிம்மைத்தான் பிடிக்க வேண்டும். சற்றே மேலே ஏறி டயரை உரசிக்கொண்டிருந்தால் டயரின் பக்கச்சுவர் நாளடைவில் அறுந்து ஒரு நாள் வெடிக்கும். கேபிளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் விடமாட்டோம், ஏனென்றால் மற்ற இழைகளும் பிடியை இறுக்கி அழுத்தும் அவசர நேரத்தில்தான் அறும். வீட்டில் செயினுக்கு எண்ணெய் விடும்போது ரிம்மில் தெறிக்காமல் பாருங்கள். ரிம்மில் எண்ணெய் பட்டால் புதுக் கட்டை போட்டாலும் வண்டி நிற்காது.

செயினுக்கு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கு உள்ளேதான், மேலே நிற்பது மண்ணைத்தான் சேர்க்கும். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். தேய்மானத்தை ஒரு ஸ்கேலை வைத்தே அளக்கலாம். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 இஞ்ச் இருக்கும். ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்குவரை விட்டுவைத்தால் பல்சக்கரத்தின் பற்களும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலும் 40 முதல் 65 பி.எஸ்.ஐ.க்குள் (காற்றழுத்த அளவு) வரும். பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது. வாகனங்களுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் சைக்கிளைக் காட்ட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். சைக்கிள் டியூபின் கொள்ளளவு சிறியது. சில நொடியில் அளவு மீறி டியூப் வெடித்துவிடும்.

பஞ்சர் ஒட்டுவதற்கு மட்டும் இரண்டு வகுப்பு ஒதுக்கியிருக்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் கையால் ஒட்டிப் பார்த்த பிறகுதான் சாலைக்குப் போவோம். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் ஓட்டை. பக்கம் பக்கமாக இரண்டு கீறல் இருந்தால் முள் குத்தவில்லை. காற்றுக் குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இறங்கி ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. ஒரே ஓட்டை என்றால் குத்தியது இன்னும் டயரிலேயே இருக்கலாம். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி அதை எடுக்காமல் டியூபை மாட்டினால் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி பஞ்சர். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுத்துண்டைவிடப் பெரிய வட்டமாகச் சொல்யூஷன் பூச வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் தவறுவது இங்கேதான். மூன்று நான்கு நிமிடம் கழித்து ஈரப் பளபளப்பு போய், விரல் நுனி பட்டால் ஈரம் ஒட்டாத பதம் வரும். அதற்கு முன் ஒட்டினால் துண்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். டியூபை மாட்டுமுன் உருண்டை பிடிக்கிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்றடித்தால் உள்ளே முறுக்கிக்கொள்ளாது. டயரின் கடைசிப் பகுதியைப் பெருவிரல்களால் தள்ளியே ஏற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் ஒட்டிய டியூபிலேயே புது ஓட்டை விழும்.

ஓட்டவே தெரியாத பிள்ளைகள் தயங்க வேண்டாம். இரண்டு பெடலையும் கழற்றி, சீட்டை இறக்கி, காலால் தரையைத் தள்ளியபடி போகவிட்டால் சமநிலை பழகிவிடும். பிறகு பெடலை மாட்டலாம். வீட்டில் இதைச் செய்கிறவர்கள் கவனிக்க: இடது பெடலின் மரை தலைகீழ். கழற்ற வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், மாட்ட இடப்பக்கமாக. மிதிக்க மிதிக்கக் கழன்று வராமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். வலது பெடலை இடதில் திணித்தாலோ கோணலாக ஏற்றினாலோ கிராங்க்கின் (பெடல் மாட்டும் தண்டு) மரை அழிந்துவிடும், பிறகு கிராங்க்கையே மாற்ற வேண்டும். முதல் இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏறட்டும், கடைசியில் மட்டும் 15 மி.மீ. ஸ்பேனர்.

கடைக்காரரோடு பேசி முடித்ததை எழுத்தில் வைத்திருக்கிறோம், ஏனென்றால் இப்படிப்பட்ட நல்ல காரியங்கள் பணப் பேச்சில்தான் கெடுகின்றன. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு வரும்: உடனே மாற்ற வேண்டியது, பொறுக்கலாம், நன்றாக இருக்கிறது. பிரேக், ஹேண்டில், சக்கர நட்டு, டயர் ஆகியவற்றில் குறை இருந்தால் மட்டுமே "உடனே". உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்த உதிரி பாகமும் மாற்றப்படாது. மாற்றிய பழைய பாகம் உங்கள் கைக்கே வரும். பாகத்தை எந்தக் கடையிலும் வாங்கலாம். இந்தக் கடையில் வாங்கினால்தான் மன்றத்தில் இடம் என்று யார் சொன்னாலும் என்னிடம் நேரில் வந்து சொல்லுங்கள்.

ஹெல்மெட் கட்டாயம். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். வார்கள் காதுக்குக் கீழே கூட வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போதும். ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் போடக் கூடாது. அடியைத் தாங்குவது உள்ளே இருக்கும் நுரை. அது ஒரு முறைதான் நசுங்கும். ஆகவே யாரோ போட்ட பழைய ஹெல்மெட்டும் வேண்டாம்.

முதல் நான்கு வாரம் பள்ளி மைதானத்தில்தான். தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது வண்டி கோணாமல் போவது, ஒரு கையை நீட்டிச் சைகை காட்டுவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது ஆகிய மூன்றும் வந்த பிறகே சாலை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் போய்விடுவோம். கை பிரேக்கைத் தேடும் நேரத்திலேயே அவ்வளவு தூரம் கடந்திருக்கும். எனவே முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் மூன்று வண்டி நீளமாவது இடைவெளி. மழையில் ரிம் நனைந்தால் அதுவும் போதாது, மழை நாளில் சாலைப் பயணம் கிடையாது.

எட்டுப் பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள், ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். மெதுவாக ஓட்டும் பிள்ளை முன்னவருக்கு அடுத்த இடத்தில் வரும். அந்த வேகத்தில்தான் எல்லோரும் போவோம். சந்திப்பில் வரிசை அறுந்தால் முன்னே போனவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று காத்திருப்பார்கள். பின்னால் வருபவர்கள் எட்டிப்பிடிக்க விரையக் கூடாது. கருவிப் பை கடைசியில் வருபவரிடம் இருக்கும். சொல்யூஷன் ஒரு முறை திறந்தால் மூடியிருந்தாலும் காய்ந்துபோகும் என்பதால் பையில் திறக்காத சொல்யூஷன் ட்யூப் ஒன்று எப்போதும் இருக்கும்.

இந்தப் பெரியவர்கள்தான் இப்போது நம்மிடம் குறைவு. மூன்று குழுவுக்கு ஆறு பேர் வேண்டும், ஆசிரியர்கள் மூவர் இருக்கிறோம். நிதானமாகச் சைக்கிள் ஓட்டத் தெரிந்த, சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் தரக்கூடிய அம்மா, அப்பா, அண்ணன், அக்கா யாரானாலும் பெயர் கொடுங்கள். அவர்களுக்கும் அதே நான்கு வாரப் பயிற்சி உண்டு.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் பிள்ளையின் உயரம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டு எண்கள், ஆஸ்துமா, வலிப்பு போன்ற உடல்நிலைக் குறிப்புகள் ஆகியவற்றை எழுதி, வகுப்பாசிரியரிடம் வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். பரிசோதனை நாளன்று பிள்ளை ஷூ போட்டு வரட்டும், கால்சட்டை செயின் பக்கம் தொளதொளவென்று தொங்க வேண்டாம். சைக்கிளை ஓட்டிவர வேண்டாம், தள்ளிக்கொண்டே வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்